இறுக்கமான பாகங்களை ரோபோ கழற்றும்போது: கேள்வி – பதில்

பழைய இயந்திரங்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலையில் ரோபோவைப் பயன்படுத்துவோரிடமிருந்து வந்த கேள்விகளில், நெருக்கமாகப் பொருந்திய பாகங்களைப் பற்றியவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: 20 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட் (உருளைத் தண்டு) ஒன்றை ரோபோ துளையிலிருந்து உருவ வேண்டும். முதல் 20 மி.மீ. தொந்தரவில்லாமல் வருகிறது. கடைசி 5, 6 மி.மீ.யில் அப்படியே நின்றுவிடுகிறது. விசையைக் கூட்டினால் கிரிப்பர் (ரோபோவின் பிடிவிரல்கள்) வழுக்குகிறது, துளைக்குள் கோடு விழுகிறது. உள்ளே இருக்கும் நீளம் குறையக் குறைய சுலபமாகத்தானே வர வேண்டும்?

பதில்: ஷாஃப்ட்டின் அச்சிலேயே இழுத்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ரோபோ அச்சிலேயே இழுப்பதில்லை. கொஞ்சமாவது பக்கவாட்டில் தள்ளிக்கொண்டுதான் இழுக்கும்.

உங்கள் பொருத்தம் எச்7/ஜி6 (துளையும் ஷாஃப்ட்டும் எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதற்கான தரக் குறியீடு) என்று வைத்துக்கொள்வோம். 20 மி.மீ. அளவில் துளை 0 முதல் +21 மைக்ரான் வரை, ஷாஃப்ட் −7 முதல் −20 மைக்ரான் வரை இருக்கலாம். ஆக இடைவெளி 7 முதல் 41 மைக்ரானுக்குள். ரோபோ ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் துல்லியமே 30 முதல் 50 மைக்ரான் என்பது சாதாரணம். இழுக்கும் திசை வெறும் 1 டிகிரி தவறியிருந்தால், 30 மி.மீ. வெளியே வருவதற்குள் 0.5 மி.மீ. விலகிவிடும். அதாவது 500 மைக்ரான். துளைக்குள் அவ்வளவு இடம் ஏது? விலக முடியாத ஷாஃப்ட்டும் விலகியே தீரும் ரோபோவும் ஒன்றையொன்று தள்ளுகின்றன.

அந்தத் தள்ளலைக் கணக்காகப் பார்ப்போம். ரோபோவின் கையும் கிரிப்பரும் சேர்ந்த விறைப்பு (ஒரு மி.மீ. விலக்கத் தேவைப்படும் விசை) மி.மீ.க்கு 200 நியூட்டன் என்று கொண்டால், அரை மி.மீ. தவறுக்குப் பக்கவாட்டு விசை 100 நியூட்டன். கிரிப்பர் பிடித்திருக்கும் இடம் துளை வாயிலிருந்து 80 மி.மீ. வெளியே, உள்ளே 30 மி.மீ. மீதி என்றால், வாயிலும் உள்முனையிலும் சேர்ந்து சுமார் 633 நியூட்டன் அழுத்தம் விழும். உராய்வுக் கெழு 0.15க்கு, இழுவையைத் தடுக்கும் உராய்வு 95 நியூட்டன். உள்ளே 10 மி.மீ. மட்டும் மீதமிருக்கும்போது (பிடி இப்போது 100 மி.மீ. வெளியே போயிருக்கும்) அதே 100 நியூட்டன் தள்ளலுக்கு உராய்வு 315 நியூட்டன். 5 மி.மீ. மீதியில் 645. நெம்புகோலின் வெளிக்கை நீண்டுகொண்டே போகிறது, உள்கை குறுகிக்கொண்டே போகிறது. கடைசியில் சிக்குவதற்கு முதல் காரணம் இதுதான்.

கிரிப்பர் ஏன் வழுக்குகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. இரண்டு தட்டையான விரல்கள் எண்ணெய்ப் பசையுள்ள எஃகை 0.15 கெழுவில் பிடித்து 645 நியூட்டன் இழுக்க, ஒவ்வொரு விரலும் 2150 நியூட்டன் அழுத்த வேண்டும். சாதாரண மின் கிரிப்பரால் ஆகாது.

இரண்டாவது காரணம், ஆப்பு இறுக்கம். ஷாஃப்ட் சாய்ந்து எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு புள்ளிகளில் தொடும்போது, உள்ளே இருக்கும் நீளம் 'விட்டம் × உராய்வுக் கெழு' என்ற அளவைவிடக் குறைந்துபோனால், அந்த இரண்டு தொடுபுள்ளிகளும் ஒன்றையொன்று நேராகத் தாங்கிப் பூட்டிக்கொள்ளலாம். உங்களுக்கு 20 × 0.15, அதாவது 3 மி.மீ. துருப்பிடித்து கெழு 0.3 ஆகியிருந்தால் 6 மி.மீ. இந்தப் பூட்டு விழுந்துவிட்டால், இழுப்பதை நிறுத்தினாலும் ஷாஃப்ட் அங்கேயே நிற்கும். கூடுதல் விசை அதை இன்னும் இறுக்கும். துளையில் கோடு விழுவது இந்தக் கட்டத்தில்தான்.

பாகங்களைப் பொருத்தும்போது வரும் இந்தச் சிக்கலை அமெரிக்காவின் டிரேப்பர் ஆய்வகம் 1970களிலேயே ஆராய்ந்து, ரப்பர் அடுக்குகளால் ஆன நெகிழ்மணிக்கட்டு ஒன்றை உருவாக்கியது. பொருத்தும்போது ஆப்பு இறுக்கம் தொடக்கத்தில் வரும். உருவும்போது அதே பகுதி கடைசியில் வருகிறது. அத்தகைய மணிக்கட்டு உங்களிடம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் ரப்பர் அடுக்குகள் அமுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவையைத் தாங்காது. இழுவை வரம்பைத் தனியாகப் பார்த்துவிட்டுத்தான் உருவும் வேலைக்குப் பூட்ட வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. கிரிப்பர் மூடியவுடன் இழுக்காதீர்கள். முதலில் ரோபோவின் கட்டுப்பாட்டு அமைப்பில் பக்கவாட்டு விறைப்பையும் கோண விறைப்பையும் குறைத்து ஒரு விநாடி விடுங்கள். கை தானாகவே ஷாஃப்ட்டின் அச்சுக்கு வந்து அமரும். அந்த நிலையையே தொடக்க நிலையாகப் பதிந்துகொண்டு, அங்கிருந்து இழுங்கள். பக்கவாட்டு விறைப்பு மி.மீ.க்கு 1 நியூட்டன் என்றால், அரை மி.மீ. தவறு தருவது அரை நியூட்டன் தள்ளல்தான். 5 மி.மீ. மீதியில்கூட அதனால் வரும் உராய்வு 3 நியூட்டனைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

பலர் பக்கவாட்டைக் குறைத்துவிட்டுக் கோணத்தை மறந்துவிடுகிறார்கள். கோண விறைப்பு ரேடியனுக்கு 200 நியூட்டன் மீட்டராக இருந்தால், 1 டிகிரி தவறு 3.5 நியூட்டன் மீட்டர் திருப்பம் தரும். 5 மி.மீ. மீதியில் அது இரு முனையிலும் 700 நியூட்டன் அழுத்தம், 210 நியூட்டன் உராய்வு. 20 ஆகக் குறைத்தால் உராய்வும் 21 நியூட்டனுக்கு வந்துவிடும்.

இதற்குப் பிறகும் சிக்கினால், விசையைக் கூட்டாமல் 0.5 முதல் 1 மி.மீ. வரை உள்ளே திரும்பத் தள்ளுங்கள். நெகிழ்வு நிலையிலேயே இரு திசையிலும் அரை டிகிரி சாய்த்து, பிறகு மீண்டும் இழுங்கள். 20 மைக்ரான் இடைவெளியில் 30 மி.மீ. உள்ளே இருக்கும்போது ஷாஃப்ட் 0.04 டிகிரிக்கு மேல் சாயாது. 5 மி.மீ. மீதியில் 0.23 டிகிரி சாயும். சாய்த்துப் பார்ப்பது கடைசிக் கட்டத்தில் நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: எல்லாத் திசையிலும் நெகிழ்வாக வைத்தோம். சிக்கல் குறைந்தது. ஆனால் ஷாஃப்ட் விடுபட்டவுடன் கை பாய்ந்து பக்கத்திலிருந்த தட்டில் மோதியது. ஏன்?

பதில்: இழுக்கும் திசையிலும் நெகிழ்வு கொடுத்ததுதான் காரணம். நெகிழ்ந்த கை ஒரு ஸ்பிரிங். இழுவைத் திசையில் மீட்டருக்கு 1000 நியூட்டன் விறைப்பு வைத்து, 100 நியூட்டனில் ஷாஃப்ட் விடுபட்டது என்று கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கை போக வேண்டிய இலக்கு 100 மி.மீ. முன்னால் இருக்கிறது. தடை நீங்கியதும் அந்த 100 மி.மீ.யையும் பாய்ந்து கடக்கும். சேர்ந்திருக்கும் ஆற்றல் 5 ஜூல். அதே 100 நியூட்டனுக்கு விறைப்பு 5000 ஆக இருந்தால் பாய்ச்சல் 20 மி.மீ., ஆற்றல் 1 ஜூல். (குக்கா எல்பிஆர் ஐவா போன்ற, விறைப்பை மாற்றி வைக்கக்கூடிய ரோபோ கைகளில் வைக்கக்கூடிய உச்சமும் மீட்டருக்கு 5000 நியூட்டன்தான்.)

பக்கவாட்டில் நெகிழ்வு, இழுவைத் திசையில் விறைப்பு. இதை நிரந்தர விதியாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, இழுவைத் திசையை விசைக் கட்டுப்பாட்டில் விட்டு அதற்கு வேக உச்சவரம்பு போடுவது. வேகம் விநாடிக்கு 10 மி.மீ.யைத் தாண்டாது என்று கட்டிவிட்டால், தடை நீங்கினாலும் கட்டளை பாயாது. கிரிப்பரிலும் பிடிப்புச் சட்டத்திலும் இருக்கும் சிறு வளைவு மட்டும் தெறிக்கும். அதற்கு இடம் விட்டால் போதும்.

கேள்வி: கையால் கழற்றுகிறவர்கள் திருகித் திருகி இழுக்கிறார்கள். ரோபோவுக்கும் அது உதவுமா?

பதில்: நிச்சயமாக. உராய்வு எப்போதும் நகரும் திசைக்கு எதிராகவே நிற்கும். ஷாஃப்ட் சுழன்றுகொண்டே வெளியே வந்தால், உராய்வின் பெரும்பகுதி சுழற்சிக்கு எதிராகத் திரும்பிவிடும். இழுவைக்கு எதிராக மிஞ்சுவது கொஞ்சம்தான். மேற்பரப்பின் சுழல் வேகம் இழுவை வேகத்தைப் போல 5 மடங்கு இருந்தால், இழுவையை எதிர்க்கும் உராய்வு ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும்.

20 மி.மீ. ஷாஃப்ட்டை விநாடிக்கு 2 மி.மீ. இழுக்கிறீர்கள் என்றால், மேற்பரப்பு விநாடிக்கு 10 மி.மீ. நகர வேண்டும். அது விநாடிக்கு 57 டிகிரி சுழற்சி. இதை ±3 டிகிரிக்குள் அடக்கப் பார்த்தால் விநாடிக்கு ஏறத்தாழ 5 முறை ஆட வேண்டும். பெரிய கைகள் அதற்கு ஈடுகொடுக்காமல் அதிரும். ±10 டிகிரி வைத்தால் விநாடிக்கு ஒன்றரை முறைக்கும் குறைவாகவே போதும். திசை மாறும் கணத்தில் சுழற்சி நின்று, உராய்வு முழுதாகத் திரும்பி வரும். அந்தக் கணத்தில் இழுவையையும் நிறுத்தி வையுங்கள். சாவி (ஷாஃப்ட் தனியாகச் சுழலாமல் தடுக்கும் கட்டை), ஸ்ப்ளைன் (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) உள்ள பாகத்தைத் திருக முடியாது. அங்கே முன்பின் அசைவு மட்டும்தான் வழி.

கேள்வி: நல்ல கேமரா வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: தீராது. பாகம் எங்கே இருக்கிறது, எங்கே பிடிக்க வேண்டும் என்பதைக் கேமரா சொல்லும். 20 மைக்ரான் இடைவெளிக்குள் அச்சைச் சேர்ப்பது ஃபோர்ஸ் சென்சாரின் (விசையை அளக்கும் கருவி) வேலை. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் சென்சாரை வாங்குங்கள்.

கேள்வி: பிரஸ் ஃபிட் செய்த (துளையைவிடச் சற்றே பெரிதாக இருந்து, அழுத்தி இறக்கப்பட்ட) பின்னை 10 கிலோ தூக்கும் ரோபோவால் இழுக்க முடியுமா? எவ்வளவு விசை வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: 20 மி.மீ. எஃகு பின், 40 மி.மீ. வெளிவிட்டமுள்ள எஃகு வளையம், 20 மி.மீ. பிடிப்பு நீளம், 20 மைக்ரான் இறுக்கம் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், தொடுபரப்பில் அழுத்தம் சதுர மி.மீ.க்குச் சுமார் 79 நியூட்டன். தொடுபரப்பு 1257 சதுர மி.மீ. கெழு 0.12 என்றால் வெளியே தள்ள வேண்டிய விசை ஏறக்குறைய 12,000 நியூட்டன், அதாவது 1.2 டன். பல வருடம் ஓடித் துருவேறிய பின்னுக்கு இதைவிட அதிகமும் தேவைப்படும். 10 கிலோ ரோபோ பாதுகாப்பாகத் தருவது 100 நியூட்டன் அளவுதான்.

அதனால் வேலையைப் பிரியுங்கள். தள்ளுவது ஹைட்ராலிக் பிரஸ், பாகத்தை வைப்பதும் எடுப்பதும் ரோபோ. வைக்கும்போது ரோபோ ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: பாகம் தாங்கித் தட்டில் முழுதாகப் படிந்திருக்கிறதா? ஒரு பக்கம் பிசிறோ சீவலோ அடியில் மாட்டியிருந்தால் பின் கோணலாகத் தள்ளப்பட்டுத் துளை முட்டை வடிவமாகிவிடும். ரோபோ பாகத்தை மெதுவாகக் கீழே அமுக்கி, நான்கு மூலைகளிலும் உயரம் ஒன்றாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

கேள்வி: அலுமினிய ஹவுசிங்கில் (பேரிங் உட்காரும் உறை) இறுகிய பேரிங்கைச் சேதமில்லாமல் எடுக்க வேண்டும். சூடாக்கலாமா?

பதில்: அலுமினியம் என்றால் சூடாக்குவதே முதல் வழி. ஒரு டிகிரிக்கு அலுமினியம் மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும், எஃகு சுமார் 12. 50 மி.மீ. துளையை 20இலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோனால், ஹவுசிங் மட்டும் சூடான நிலையில் துளை 92 மைக்ரான் பெரிதாகும். பேரிங்கும் அதே சூட்டுக்கு வந்துவிட்டாலும் 44 மைக்ரான் வித்தியாசம் மிஞ்சும். 20 மைக்ரான் இறுக்கத்தை விடுவிக்க அதுவே தாராளம்.

அடுப்பிலோ சூட்டுத்தட்டிலோ சீராகச் சூடாக்குங்கள். ஒரே இடத்தில் தீ காட்டினால் துளை வட்டம் கெட்டு, பேரிங் கோணலாகச் சிக்கும். பேரிங்கைத் திரும்பப் பயன்படுத்துவதாக இருந்தால் 120 டிகிரியைத் தாண்ட வேண்டாம். நைட்ரைல் ரப்பர் சீல் உள்ளது என்றால் 100 டிகிரியோடு நிறுத்துங்கள்.

இதில் ரோபோவைப் பேரிங்கை இழுக்க விடாதீர்கள். ஹவுசிங்கைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி, மெத்தென்ற தட்டின்மேல் வைத்து லேசாகத் தட்ட விடுங்கள். பேரிங் தன் எடையிலேயே இறங்கும். இறங்காவிட்டால் வெளிவளையத்தை மட்டும் தள்ளுங்கள். உள்வளையத்தைப் பிடித்து இழுத்தால் அந்த விசை முழுவதும் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் சிறு குழிகளைப் பதித்துவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும் அந்தப் பேரிங், மாட்டிய பிறகு சத்தம் போடும்.

கேள்வி: பழைய பாகங்களில் உள்ளே சர்க்ளிப் (பாகம் நழுவாமல் பள்ளத்தில் மாட்டும் வளையம்) இருக்கிறதா, துருவா, பிசிறா என்று இழுக்கும்போதே ரோபோ தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். கழற்றும் வேலையில் அதிகக் கவனம் கேட்பதும் இதுதான். விசையையும் நகர்ந்த தூரத்தையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு வடிவம் உண்டு.

நலமான பாகத்தில் முதலில் சிறு உச்சம் எழுந்து, ஷாஃப்ட் அசைந்ததும் விசை சட்டென்று இறங்கும். பிறகு தாழ்வாகவே ஓடும்.

கோடு நேராக ஏறிக்கொண்டே போய், இழுப்பதை விட்டதும் வந்த வழியே பழைய இடத்துக்குத் திரும்பினால், பாகம் நகரவே இல்லை. கையும் சட்டமும் மட்டும் வளைந்திருக்கின்றன. உள்ளே சர்க்ளிப்போ, கழற்றாத திருகோ இருக்கிறது. இதை உறுதிசெய்ய, வேலை தொடங்கும் முன்பே அதே சட்டத்தில் போல்ட் போட்ட திடக்கட்டை ஒன்றை மாட்டி இழுத்து, அதன் சாய்வைப் பதிந்து வையுங்கள். வேலையின்போது வரும் சாய்வு அதோடு ஒத்துப்போனால் உடனே நிறுத்த வேண்டியதுதான். கிரப் ஸ்க்ரூ (ஷாஃப்ட்டை அழுத்திப் பிடிக்கும் தலையில்லாத திருகு) உள்ள பாகத்தில் ஒன்றைக் கழற்றியதும் திருப்தியடைந்துவிடக் கூடாது. அதே துளையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போட்டுப் பூட்டும் வழக்கம் உண்டு.

ரம்பப் பல் போல ஏறி இறங்கி ஏறினால் துரு, அல்லது காய்ந்த கிரீஸ். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊற வைத்துத் திருகி எடுங்கள். ஊறும் நேரத்தில் ரோபோ காத்திருக்கக் கூடாது. அதற்கு வரிசையில் முன்னதாகவே தனி இடம் ஒதுக்குங்கள்.

திரும்பி வராமல், இறங்காமல், நகர நகர விசை கூடிக்கொண்டே போவதுதான் ஆபத்தானது. உலோகம் உலோகத்தை உழுகிறது என்று அர்த்தம். துருப்பிடிக்கா எஃகு அதே எஃகோடு உரசும் இடத்திலும் அலுமினியத்திலும் இது சீக்கிரம் வரும். தொடர்ந்து இழுத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தி, பின்னால் தள்ளி, எண்ணெய் விட்ட பிறகே அடுத்த முயற்சி.

ஓர் இடம் வரை சுலபமாக வந்து திடீரென்று விசை ஏறினால், பின்னால் தள்ளி மறுபடி இழுங்கள். அதே இடத்தில், ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு பிசகாமல் மறுபடி நின்றால் தடை பாகத்தில்தான் இருக்கிறது: சுத்தியடி வாங்கி விரிந்த ஷாஃப்ட் முனை, கிரப் ஸ்க்ரூ கடித்து எழுப்பிய மேடு, அல்லது பிசிறு. அதை அரம் போட்டு எடுத்த பிறகே வெளியே விட வேண்டும். நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாறினால் பாகத்தில் குற்றமில்லை, கை சாய்கிறது.

இன்னொன்று. உள்ளே நகர இடம் இருந்தால், இழுப்பதற்கு முன் 0.2 முதல் 0.5 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். துருவின் பிடிப்பு உடைவதோடு, பாகம் விடுபட்டிருக்கிறதா என்பதும் குறைந்த விசையிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ஒரு முனை அடைத்த துளையில் இருக்கும் டோவல் பின்னை (பாகங்களைச் சரியான இடத்தில் நிறுத்தும் உருளைப் பின்) இழுக்கும்போது உள்ளே வெற்றிடம் உருவாகித் தடுக்கிறது என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் சின்னப் பின்னில் அதன் பங்கு சிறிது. வெற்றிடம் தரக்கூடிய அதிகபட்சத் தடை, காற்றழுத்தத்தைப் பின்னின் பரப்பால் பெருக்கினால் வருவது. 10 மி.மீ. பின்னுக்கு 8 நியூட்டன், 20 மி.மீ.க்கு 31. அதுவே 100 மி.மீ. பிஸ்டன் என்றால் 785 நியூட்டன். அங்கே மெதுவாக இழுத்துக் காற்றுக்கு நேரம் கொடுக்க வேண்டும்.

உட்திருகு உள்ள பின் என்றால் அதிலேயே இழுகோலை முடுக்கி இழுக்கலாம். ஐஎஸ்ஓ 8735 என்ற சர்வதேசத் தரத்தின் வகையில் 6 மி.மீ. பின்னுக்கு எம்4 (4 மி.மீ. திருகு), 8க்கு எம்5, 10க்கு எம்6. முடுக்கும் முன் திருகுக்குள் அழுக்கு இருக்கிறதா என்று காற்றடித்துப் பாருங்கள். பாதித் திருகில் மாட்டி இழுத்தால் மரை பிய்ந்து, அந்தப் பின்னைத் துளையிட்டு எடுக்கும் நிலைமை வரும்.

கேள்வி: படுக்கைவாட்டில் உருவும்போது, நெகிழ்வு கொடுத்தவுடன் கை தானாகவே கீழே இறங்குகிறது. சென்சார் கெட்டுவிட்டதா?

பதில்: சென்சாரைக் குறை சொல்லும் முன் சுமை விவரத்தைப் பாருங்கள். கிரிப்பரின் எடையை அரை கிலோ குறைத்துப் பதிந்திருந்தால் 5 நியூட்டன் கணக்கில் வராமல் கீழே இழுக்கும். மி.மீ.க்கு 1 நியூட்டன் விறைப்பில் அது 5 மி.மீ. இறக்கம். ஷாஃப்ட்டின் எடையையும் சேர்க்க வேண்டும், ஆனால் அது முழுதாக வெளிவந்த பிறகுதான் கையின்மேல் முழுதாக விழும். அதனால் கடைசி 5 மி.மீ.யில் அந்த எடையைப் படிப்படியாகக் கணக்கில் ஏற்றுங்கள். எடையோடு அதன் மையம் எங்கே இருக்கிறது என்பதையும் சரியாகக் கொடுங்கள். மையம் தவறினால் இறக்கம் தெரியாது, ஆனால் கோணல் வரும். சென்சாரைப் பூஜ்யமாக்குவது கிரிப்பர் காலியாக, எதையும் தொடாமல், உருவப்போகும் அதே நிலையில் இருக்கும்போது. பாகத்தைப் பிடித்த பிறகு பூஜ்யமாக்கினால், பிடிக்கும்போது உண்டான பக்கத் தள்ளலையே பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு உருவி முடியும் வரை அந்தப் பக்கமே தள்ளிக்கொண்டிருக்கும்.